இரட்டைக் கோப்பை

சீதாலெட்சுமி ஒன்பதாம் மர நிரையில் ரப்பர்ப் பால் வாளியோடு மயங்கி விழுந்தாள். போன வாரக் கதையில் அவளை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். அவளைத் தூக்கி வந்தவர்களும், முகத்தில் தண்ணீர் அடித்தவர்களும், தோட்டத்தில் வைத்தியம் பார்க்கிற டிரெசர் சீவரத்தினமும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். காய்ச்சல்.

கிள்ளானுக்கு வடக்கே ஏழாங்கட்டைத் தோட்டத்தில் அந்த வருஷம் வேறு வார்த்தைக்கு வேலையில்லை. தீபாவளிக்குப் பிறகு மட்டும் மேட்டு லயத்து வீடுகளிலிருந்து பதினொரு பாடை இறங்கியிருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு இரட்டைக் கோப்பை.

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு வந்து நிற்கிற எல்லோரும் கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவதற்கு முன் ஒரு கோப்பை கொய்னா மருந்து குடித்தாக வேண்டும். காய்ச்சல் பட்டியலில் ஏறியவர்களுக்கு இரண்டு. ஆண்கள் வரிசைக்கு டிரெசரே ஊற்றுவார். பெண்கள் வரிசைக்கு ஊற்றுகிறவள் வீரம்மா. ஊற்றிக் கொடுத்து, விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவளிடம் போவாள். நாற்பது வயது, புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள், பிள்ளை கிடையாது. சீதாலெட்சுமியின் புருஷன் கன்னையாவுக்குக் கூடப் பிறந்த அக்கா.

செவ்வாய்க்கிழமை, எட்டாம் நாள். வாளியும் கையுமாக வீரம்மா வரிசையில் வந்தாள். சீதாலெட்சுமி முதல் கோப்பையைக் குடித்தாள். இரண்டாவதைக் கண்களை மூடிக்கொண்டு குடித்தாள். வாயைத் திறந்து காட்டினாள். வீரம்மா நான்கு பேர் தள்ளிப் போவதற்குள் சீதாலெட்சுமி வரிசையை விட்டு ஓடி, கொட்டகைக்குப் பின்னால் குனிந்து அத்தனையையும் கக்கினாள்.

கக்கினால் மறுபடியும் ஊற்ற வேண்டும். அது டாக்டர் துரை வைத்த சட்டம். வீரம்மா போய் மறுபடியும் ஊற்றினாள்.

"அண்ணி, காதுக்குள்ள வண்டு கத்துற மாதிரியே இருக்கு" என்றாள் சீதாலெட்சுமி.

"கத்தட்டும். கத்துனா மருந்து ஏறிருச்சுன்னு அர்த்தம். குடி."

குடித்தாள். காண்டாக் கம்பைத் தோளில் போட்டு, இரண்டு பக்கமும் காலி வாளி ஆட, மற்ற பெண்களோடு இருட்டான ரப்பர் காட்டுக்குள் நடந்தாள். பதினெட்டு வயது. பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளையில் மண் மிதித்த ரெங்கசாமியின் மகள். தாய் முகம் தெரியாது. சூளைக்கார ஆண்களுக்கு நடுவில் வளர்ந்தவள். கன்னையாவுக்கு இரண்டாம் தாரமாக இந்தத் தோட்டத்துக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது.

பெரட்டு கலைந்ததும் வீரம்மாவுக்கு லயத்து வேலை. வீடு வீடாகப் போய், எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறவர்களை எண்ணி டிரெசரிடம் சொல்ல வேண்டும். தம்பி வீட்டுக்கு முன்னால் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. பாயை எடுத்து உதறி வெயிலில் போடலாம் என்று உள்ளே நுழைந்தாள்.

பாயைத் தூக்கியபோது வெள்ளையாக ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது. சுண்ணாம்பு. எலி சுரண்டியிருக்கும் என்று நினைத்துச் சுவரைப் பார்த்தாள். உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணின் தோள் உயரத்தில், இரண்டு கை அகலத்துக்குச் சுவர் பெயர்ந்து கிடந்தது. உள்ளே மண் தெரிந்தது. ஓரத்தில் நகக் கீறல்.

எலிக்கு ஏது அத்தனை நகம்?

தலையணையைப் புரட்டினாள். ஒரு பழைய துணி முடிச்சு. அவிழ்த்தால் உள்ளே சுண்ணாம்புக் கட்டிகள். சிலது பல் பட்டு மழுங்கியிருந்தது.

வீரம்மா நேராகப் போய் அடுப்படிப் பரணில் கை விட்டுத் துழாவினாள். சீதாலெட்சுமி வந்த புதிதில், மாதவிலக்குக்கு என்று வீரம்மாவே தன் பழைய சேலையைக் கிழித்து மடித்துக் கொடுத்த துணிகள் அங்கே இருந்தன. மடிப்புக் கலையவில்லை. மேல் மடிப்புக்குள் பல்லி முட்டையிட்டு, குஞ்சு பொரித்துப் போய், ஓடு மட்டும் காய்ந்து ஒட்டியிருந்தது. எத்தனை நாளாக அந்தத் துணியை யாரும் தொடவில்லை?

எட்டு நாளாகக் கண்ணில் பட்டும் படாமலும் போனதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக வந்து நின்றது. காய்ச்சல்காரர்கள் நேரம் காலம் பார்க்காமல் வாந்தி எடுப்பார்கள். இவள் காலையில் மட்டும் எடுக்கிறாள், மத்தியானம் பானையை வழித்துச் சாப்பிடுகிறாள். கருவாடு என்றால் உயிரை விடுகிறவள், போன ஞாயிற்றுக்கிழமை கருவாடு சுடுகிற வாசத்துக்கு எழுந்து வெளியே போய்விட்டாள். எட்டு நாளில் ஒரு நாள்கூட உடம்பு தூக்கிப் போட்டு நடுங்கவில்லை. நடுக்கம் இல்லாத காய்ச்சலை இந்தத் தோட்டத்தில் யார் பார்த்திருக்கிறார்கள்?

கண்ணில் பட்டதுதான். மனசு வேண்டாம் என்று தள்ளியிருந்தது. அதற்குக் காரணம் உண்டு.

கன்னையாவின் மூத்த தாரம் இராஜம்மாவுக்கும் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் இருந்தது. வாந்தி. இரண்டு மாதம் குளிக்கவில்லை. வயிறு லேசாக மேடிட்டிருந்தது. முதலில் கண்டுபிடித்துச் சொன்னவளே வீரம்மாதான். தம்பி வீட்டில் ஒரு பிள்ளை என்று அவளுக்கு ஆகாயம் கைக்கு எட்டியது. கொய்னா கருவுக்கு ஆகாது என்று பெண்கள் எல்லோரும் சொல்வார்கள். ஆகவே ஒரு மாதம் பெரட்டில் இராஜம்மாவுக்கு மட்டும் வெறும் கோப்பையை நீட்டி, குடிப்பது போல் பாசாங்கு செய்யச் சொன்னாள். வயிற்றில் இருந்தது பிள்ளை இல்லை. காய்ச்சலில் மண்ணீரல் வீங்கி வந்த கட்டி. ஆடி மாதம் அவளைப் பாடையில் எடுத்துக்கொண்டு போனார்கள். கன்னையா நான்கு மாதம் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. இனி எந்தப் பெண்ணின் வயிற்றைப் பற்றியும் வாய் திறப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தவள்.

மருந்து கருவை என்ன செய்யும் என்பதும் அவளுக்குக் கேள்விப்பட்ட சங்கதி அல்ல. கீழ் லயத்தில் ஐந்து பிள்ளைக்காரி ஒருத்தி, இதுக்கு மேல என்னால முடியாது என்று காலைப் பிடித்து அழுதாள். வீரம்மா நான்கு நாள் அவளுக்குக் கூடுதலாக ஊற்றினாள். ஐந்தாம் நாள் கரு கலைந்தது. அந்தத் துணிகளை ஆற்றில் அலசியதும் வீரம்மாதான்.

எட்டு நாள். ஒரு நாளைக்கு இரண்டு. இன்றைக்கு மூன்று.

பால் வெட்டி முடித்து, பெண்கள் மரத்து மங்குகளில் இருந்த பாலை வாளிக்கு ஊற்றுகிற நேரத்தில் வீரம்மா ஒன்பதாம் நிரைக்குப் போனாள். அவளைக் கண்டதும் மரத்தடியில் உட்கார்ந்திருந்த சீதாலெட்சுமி திருட்டு வேலையில் அகப்பட்டவள் போல எழுந்தாள்.

"எங்க மறுபடியும் கோப்பையத் தூக்கிட்டு வந்துட்டீங்களோன்னு பாத்தேன்."

"வாய் இருக்குல்ல, பொழச்சிப்ப. இப்படி வா. எத்தன மாசமாக் குளிக்கல?"

சீதாலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். தீபாவளிக்கு அடுத்த வாரம் குளித்ததுதான் என்றாள். அப்புறம் இல்லை. காய்ச்சல்காரிகளுக்கு ரத்தம் வற்றிப்போய் நின்றுவிடும் என்று பக்கத்து நிரை அக்கா சொன்னதால் பயப்படவில்லையாம். அது பொய்யும் இல்லை. இந்தத் தோட்டத்தில் வருஷக் கணக்கில் குளிக்காத பெண்கள் இருந்தார்கள்.

வீரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். ரவிக்கை பட்டாலே மார் வலிக்கிறது என்றாள். ஒரு மரம் வெட்டி முடிப்பதற்குள் இரண்டு தரம் ஒதுங்க வேண்டியிருக்கிறது என்றாள். கேட்காமலே ஒன்றும் சொன்னாள்.

"செவுத்த நான்தான் தின்னேன் அண்ணி. கிறுக்குப் புடிச்சிருச்சோன்னு பயமா இருந்துச்சு. அவருகிட்ட சொல்லிறாதீங்க."

வீரம்மா அவளை மரத்தடியில் மல்லாக்கப் படுக்க வைத்தாள். இராஜம்மா போன பிறகு, டிரெசர் காய்ச்சல்காரர்களை எப்படித் தொட்டுப் பார்க்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றிருந்தாள். இடது விலாவுக்குக் கீழே நான்கு விரலையும் வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னாள். கட்டி இருந்தால் பலகை விளிம்பு மாதிரி வந்து விரலில் இடிக்கும். இடிக்கவில்லை. மெத்தென்று இருந்தது. கையைக் கீழே கொண்டுபோய், அடி வயிற்றில் எலும்புக்குச் சற்று மேலே அழுத்தினாள்.

அங்கே இருந்தது. நார்த்தங்காய் அளவுக்கு, உருண்டையாக, இறுக்கமாக.

இராஜம்மாவுக்கு இந்தக் கையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கத் தெரியாமல் போயிற்றே என்று ஒரு கணம் நினைத்தாள்.

"என்ன அண்ணி? கட்டியா?"

"கட்டி இல்லடி. புள்ள."

சீதாலெட்சுமி சிரிக்கவில்லை, அழவில்லை. நேராகக் கேட்டாள். "அப்ப காலையில குடிச்சதெல்லாம்?"

வீரம்மா எழுந்து அவளுடைய காண்டாவைத் தன் தோளில் வாங்கிக்கொண்டாள். இரண்டு வாளிப் பாலையும் ஸ்டோர் வரைக்கும் சுமந்து கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கிருந்து நேராக டிரெசரிடம் போனாள்.

சீவரத்தினம் கெட்ட மனிதர் அல்ல. யாழ்ப்பாணத்துக்காரர். பதினொரு பாடைக்கும் பின்னால் நடந்தவர். வீரம்மா சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விலாவில கட்டி இல்லையெண்டு சொல்லுறீர். எட்டு நாள் காய்ச்சலுக்குக் கட்டி வராது வீரம்மா. காலமையில அளந்தால் சூடும் இராது. அதுக்காகக் காய்ச்சல் இல்லையெண்டு ஆகுமோ?"

"அப்ப அடி வயித்துல இருக்கறது?"

"பிள்ளையாயும் இருக்கலாம். மூத்தவளுக்கும் நீர் இதைத்தானே சொன்னனீர்."

அவர் அதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனாலேயே அது ஆழமாக இறங்கியது. பட்டியலில் ஏறிய பெயரை அடிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். டாக்டர் துரை வெள்ளிக்கிழமை வருவார், அவர் தொட்டுப் பார்த்துச் சொன்னால் உண்டு. அதுவரையில் கோப்பை நிற்காது. ஊற்றமாட்டேன் என்று வீரம்மா சொன்னால், பெண்கள் வரிசைக்கும் தானே வந்து ஊற்ற வேண்டியிருக்கும்.

புதன், வியாழன், வெள்ளி. ஆறு கோப்பை. கக்கினால் ஒன்பது.

தம்பியிடம் சொல்லிவிடுவது என்று அவள் தீர்மானித்தது அப்போதுதான். அவன் பெண்டாட்டியை வேலைக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டால் பெரட்டு இல்லை. பெரட்டு இல்லாவிட்டால் வெள்ளி வரைக்கும் கோப்பை இல்லை.

நாலு மணிக்கு அவன் வீட்டுக்கு வந்தபோது சீதாலெட்சுமி பாயில் சுருண்டு படுத்திருந்தாள். கன்னையா கால் கழுவினான். சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தான். வெள்ளை மாத்திரைகள். இரண்டை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு பெண்டாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அது என்னடா?" என்றாள் வீரம்மா.

கொய்னாதான் என்றான். கிள்ளான் பாசாரில் ஒரு மருந்துக் கடையில் வாங்கியதாம். பெரட்டில் கொடுப்பதில் பாதியை அவள் கக்கிவிடுகிறாள், அதனால் சாயங்காலம் சோற்றுக்கு முன்னால் இரண்டு கொடுத்து வருகிறானாம். ஆறு நாளாக. ஒருத்தியைப் பறிகொடுத்தவன், இன்னொருத்தியை விடமாட்டேன் என்று சாதாரணமாகச் சொன்னான். தம்பி இந்த ஆறு நாளும் எவ்வளவு பயந்து கிடந்திருக்கிறான் என்பது வீரம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சொன்னாள். சுவரைக் காட்டினாள். துணியைக் காட்டினாள்.

கன்னையா சத்தம் போடவில்லை. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே பேசினான்.

"இதே வூட்லதான் உக்காந்திருந்த. இதே எடத்துல. மூத்தவ வயித்துல கைய வச்சு, புள்ளதாண்டான்னு சொன்ன. நானும் பல்ல இளிச்சுக்கிட்டுக் கெடந்தேன். சர்க்கரை வாங்கி லயமெல்லாம் குடுத்தேன். நெனப்பிருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் எந்த வாயால இன்னிக்கு வந்து சொல்ற அக்கா?"

"அதே வாயாலதான். வேற வாய் எனக்கு ஏதுடா? அன்னிக்குத் தப்பாச் சொன்னேன். அவ செத்தா. அதனால இன்னிக்குத் தெரிஞ்சதையும் சொல்லாம இருந்தா, இதும் போயிரும். கையக் குடு."

அவன் கொடுக்கவில்லை. அவளே பிடித்து இழுத்தாள். மாத்திரை பாயில் உருண்டது. கிடந்தவளின் இடது விலாவில் அவன் விரல்களை வைத்து அழுத்தினாள். "இங்கதான் மூத்தவளுக்கு இருந்துச்சு. கல்லு மாதிரி. இருக்கா பாரு." பிறகு அதே கையை அடி வயிற்றுக்குக் கொண்டுபோனாள். "இது என்னன்னு நீயே சொல்லு."

மண்வெட்டியும் கோடாலியும் பிடித்துக் காய்த்துப்போன கை அது. ஆனாலும் தெரிந்துகொண்டது. கன்னையா கையை எடுக்கவில்லை.

"ஆறு நாளும் நானே ஊட்டிவுட்டேனே அக்கா."

"நான் எட்டு நாள் ஊத்துனேன்" என்றாள் வீரம்மா.

அவன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான். சாக்கடையில் கொட்டுகிற சத்தம் கேட்டது. முகம் கழுவுகிற சத்தமும் கேட்டது.

அந்த நேரத்தில்தான் சீதாலெட்சுமி முனகினாள்.

"அண்ணி, குளுருது."

வெளியே வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. வீரம்மா அவள் கழுத்தில் கையை வைத்தாள். சூடு இல்லை. ஆனால் உடம்பு உள்ளுக்குள்ளிருந்து உதறத் தொடங்கியிருந்தது. முதலில் தாடை. அப்புறம் தோள். பாயோடு சேர்ந்து அவள் முழுவதும் ஆடினாள். இது என்ன என்று வீரம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பதினொரு பேரிடம் பார்த்திருக்கிறாள்.

கொடியில் கிடந்த சேலையையும் கன்னையாவின் போர்வையையும் உருவி அவள்மேல் போட்டு, தானும் அவள்மேல் சாய்ந்து அமுக்கினாள். தம்பி உள்ளே வந்தால் பார்ப்பான். பார்த்தால் ஒரே எண்ணம்தான் வரும்: அக்கா மறுபடியும் தப்புச் சொல்லிவிட்டாள். சாக்கடையில் கொட்டியதை அள்ளிக் கழுவியாவது ஊட்டுவான். தூங்குகிறாள், எழுப்பாதே என்று சொல்லி அவனை வெளியே அனுப்பிவிடலாம். ஒரு மணி நேரத்தில் நடுக்கம் நிற்கும். சூடு ஏறும். வேர்த்து வடியும். நாளைக்கு எதுவும் நடக்காதது போல் எழுந்துவிடுவாள். அடுத்த நடுக்கத்துக்குள் வெள்ளி வந்துவிட்டால்?

மூத்தவளுக்கும் இப்படித்தான், அடுத்தது, அடுத்தது என்று ஆடி வரைக்கும் ஓட்டினாள்.

கன்னையா ஈர முகத்தோடு வாசலில் நின்றான். "ஏன் போத்தியிருக்க?"

"நடுங்குது" என்றாள் வீரம்மா.

அவன் முகம் போன போக்கை அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பார்வையை விலக்கவில்லை.

"அப்ப நீ சொன்னது?"

"அதும் நெசம்தான்டா. இதும் நெசம். ரெண்டும் ஒண்ணா வந்திருக்கு. மருந்து குடுத்தா புள்ள போயிரும், குடுக்காட்டி தாயும் புள்ளையும் போயிரும். எவ்வளவு குடுக்கணும், எப்பக் குடுக்கணும்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. டிரெசருக்கும் தெரியாது. தெரிஞ்சவங்க கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில இருப்பாங்க. தூக்கு."

"துண்டு இல்லாம கேட்டத் தாண்டி எப்படிப் போறது?"

அது நியாயமான கேள்விதான். ஆபீஸில் எழுதிக் கொடுக்கிற அனுமதித் துண்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனவர்களுக்குத் திரும்பி வர லயமும் இருக்காது, பெரட்டில் பெயரும் இருக்காது. வீரம்மாவின் வாளியும் போகும். அதைப் பற்றி அவள் ஒரு விநாடிக்கு மேல் யோசிக்கவில்லை.

"தூக்குன்னு சொன்னேன்."

கன்னையா குனிந்தான். வீரம்மா போர்வையோடு அவளை அவன் முதுகில் ஏற்றி, சேலையால் இறுக்கிக் கட்டினாள். ஆபீஸ் வாசலில் கிராணி எழுந்து நின்று எங்கே போறீங்க என்று இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் தரம் பெயர் சொல்லிக் கத்தினார். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. செம்மண் பாதை முடிந்து பெரிய ரோடு வந்தது. காய்கறி லோரி ஏதாவது அந்தப் பக்கம் வரும் என்று வீரம்மா சொன்னாள். வரும் வரைக்கும் நிற்க வேண்டாம், நட என்றாள்.

முதுகில் இருந்தவள் கண்ணைத் திறந்தாள். "அண்ணி, அங்க என்னைய என்ன கேப்பாங்க?"

"காய்ச்சலான்னுதான் மொதல்ல கேப்பாங்க. நீ அதுக்கு முந்திச் சொல்லிரு, முழுகாம இருக்கேன், மூணு மாசம்னு. எங்களப் பாக்காத. நீயே சொல்லணும். சத்தமாச் சொல்லணும். எங்க, ஒரு தரம் சொல்லு."

சீதாலெட்சுமி வாயைத் திறந்தாள். பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. 'மு' என்று வந்தது. மறுபடியும் முயன்றாள். மறுபடியும் அவ்வளவுதான் வந்தது.

"சொல்லு" என்றாள் வீரம்மா, ரோட்டைப் பார்த்து நடந்துகொண்டே. "வழி நெடுகச் சொல்லிக்கிட்டே வா."